‘ஸ்கொயர்’ முன்னாலா, பின்னாலா?

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்கு அளவு எழுதிக் கொடுக்கும்போது, ‘ஸ்கொயர்’ என்ற சொல் ‘ஃபீட்’டுக்கு முன்னால் நிற்கிறதா, பின்னால் நிற்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். முன்னால் வந்தால் அது பரப்பின் அலகு. பின்னால் வந்தால் வடிவம். ‘10 ஸ்கொயர் ஃபீட்’ என்பது வெறும் 10 சதுர அடி. ‘10 ஃபீட் ஸ்கொயர்’ என்பது பக்கத்துக்குப் பத்தடியுள்ள சதுர அறை, அதாவது 100 சதுர அடி. 10 அங்குலக் கல்லில் முன்னதற்கு 15 போதும், பின்னதற்கு 144 வேண்டும் (உடைசலுக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும்). கண்ணாடியின்மேல் வண்ணக் கலவை ஊற்றிக் கையால் வார்க்கும் கல் இது. குறைந்ததைப் பிறகு வாங்கினால் நிறம் அப்படியே பொருந்தும் என்று நம்ப முடியாது.

கொத்தனார் ‘ஒரு ஸ்கொயர்’ என்று மொட்டையாகச் சொன்னால் இந்தக் கணக்கு செல்லாது. கட்டட வேலையில் அது 100 சதுர அடி. தச்சர் ‘கதவு நிலை ஸ்கொயரில் இல்லை’ என்றால் மூலைமட்டம் தப்பியிருக்கிறது என்று பொருள். நீண்டு கிடக்கும் வளவுப் பத்திக்கு (உள்முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்துக்கு) இந்தச் சொல்லே வேண்டாம். ‘8 அடிக்கு 30 அடி’ என்றே எழுதிவிடுங்கள்.