‘நார்மல் வந்துருச்சு, மாத்திரை போதும்’: கொழுப்பு மாத்திரையில் நாம் செய்யும் தவறுகள்

காரைக்குடியில் மருந்துக்கடை நடத்துகிறேன். சர்க்கரை மாத்திரை முப்பது, பிரஷர் மாத்திரை முப்பது என்று கணக்காக வாங்குகிறவர்கள்கூட, கொழுப்பு மாத்திரை வந்ததும் குரலை இறக்கி, “அது மட்டும் பத்து போதும் தம்பி” என்பார்கள். அந்தப் பத்து தீர்ந்ததும் பலர் அதைக் கேட்பதே இல்லை. சர்க்கரை கூடினால் உடம்பு ஏதாவது ஒரு வகையில் காட்டிக்கொடுக்கும். கொழுப்பு கூடினால் மூச்சுவிடாது. வலிக்காத ஒன்றுக்குத் தினமும் மாத்திரை போட யாருக்குத்தான் மனசு வரும்?

ஓர் ஆச்சி லேப் ரிப்போர்ட்டை நீட்டினார். கெட்ட கொழுப்பான எல்டிஎல் 168-ல் இருந்து 84-க்கு இறங்கியிருந்தது. “நார்மல்னு போட்டுருக்கு பாரு. இனி எதுக்கு இது?”

இதுதான் முதல் தவறு, பெரிய தவறும்கூட. 84 என்பது மாத்திரை போட்டிருக்கும் உடம்பின் கணக்கு. உடம்பில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பங்கைக் கல்லீரலும் மற்ற உறுப்புகளுமே தயாரிக்கின்றன. சாப்பாட்டிலிருந்து வருவது குறைவு. அடோர்வாஸ்டாடின், ரோசுவாஸ்டாடின் போன்ற மாத்திரைகள் கல்லீரலில் அந்தத் தயாரிப்பைக் குறைக்கின்றன. தனக்குப் பற்றாமல் போனதும் கல்லீரல் ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது. மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் பழைய அளவே திரும்பும். மோட்டார் ஓடும்வரை வற்றித் தெரிகிற கிணறு, நிறுத்தினால் ஊறத்தானே செய்யும்? இதைச் சொன்னேன். ஆச்சி யோசித்துவிட்டு இருபது வாங்கினார்.

அந்த ‘நார்மல்’ என்ற அச்செழுத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். லேப் தாளில் இருப்பது பொதுவான எல்லை. மாரடைப்பு வந்தவருக்கும் ஸ்டென்ட் வைத்தவருக்கும் எல்டிஎல் 70-க்குக் கீழே, பலருக்கு 55-க்குக் கீழே வேண்டும் என்பார்கள் டாக்டர்கள். பக்கத்து வீட்டு அண்ணனுக்கு நல்ல அளவாக இருக்கும் 95, உங்களுக்குப் போதாமல் இருக்கலாம். “உண்மையான அளவு தெரியட்டும்” என்று ரத்தம் கொடுப்பதற்கு ஒரு வாரம் முன்பே மாத்திரையை விடுகிறவர்களும் உண்டு. பாவம், அந்த ரிப்போர்ட்டைப் பார்க்கும் டாக்டர் மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டிவிடுவார்.

ராத்திரிதான் போட வேண்டும், மறந்தால் அன்றைக்கு அவ்வளவுதான் என்றொரு நம்பிக்கை. பழைய சிம்வாஸ்டாடின் உடம்பில் சீக்கிரம் கரைந்துவிடும் என்பதால் வந்த வழக்கம் அது. இப்போது அதிகம் எழுதப்படும் அடோர்வாஸ்டாடினும் ரோசுவாஸ்டாடினும் நீண்ட நேரம் நிற்பவை. இரவில் மறக்கிறவர்கள் டாக்டரிடம் கேட்டு, காலை பிரஷர் மாத்திரையோடு சேர்த்துக்கொள்ளலாம். மறந்த நாளுக்கு ஈடாக மறுநாள் இரண்டு போடுவது வேண்டாம்.

எங்கள் ஊருக்கென்றே ஒரு தவறு இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வரும் மகன் அங்கே வாங்கிய மாத்திரையை அப்பச்சிக்குக் கொடுத்துவிட்டுப் போவார். அட்டையில் பெயர் வேறு, உள்ளே மருந்து அதே. இங்கே வாங்கியதும் அங்கே வாங்கியதுமாக இரண்டையும் போட்டுக்கொண்டிருப்பார் பெரியவர். பிராண்ட் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். அளவை இரட்டிப்பாக்கினால் எல்டிஎல் கூடுதலாக ஏறக்குறைய 6 சதவீதம்தான் குறையும். பக்கவிளைவுக்கான வாய்ப்போ அதைவிட வேகமாகக் கூடும்.

கேப்ஸ்யூல்களில் இன்னொரு கண்ணி. ரோசுவாஸ்டாடினோடு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் இரண்டும் சேர்ந்த கேப்ஸ்யூல் நம் ஊரில் நிறையப் புழங்குகிறது. இதய நோயாளிக்கு எழுதியது. “அண்ணனுக்கு நல்லாக் கேக்குது” என்று தம்பியும் அதையே வாங்கிப் போட்டால், கொழுப்பு மாத்திரையோடு தேவையில்லாமல் ரத்தம் உறையாமல் தடுக்கும் இரண்டு மருந்தும் உள்ளே போகும். வயிற்றிலோ மூளையிலோ ரத்தம் கசியலாம். பல் பிடுங்கும் முன் இதைச் சொல்லாமல் இருந்தாலும் சிக்கல்தான்.

கல்யாண வீட்டில் கந்தரப்பமும் உக்காரையும் சாப்பிட்டு, வயிறு எரிய, ரோசுவாஸ்டாடினும் ஆன்டாசிட் திரவமும் ஒன்றாக விழுங்குவது இன்னொன்று. ரத்தத்தில் சேரும் ரோசுவாஸ்டாடினை ஆன்டாசிட் பாதியாகக் குறைத்துவிடும். மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். தொண்டைப் புண்ணுக்கு கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் எழுதினால் கொழுப்பு மாத்திரை போடுவதைச் சொல்லிவிடுங்கள். அதோடு சேர்ந்தால் அடோர்வாஸ்டாடினும் சிம்வாஸ்டாடினும் ரத்தத்தில் எக்கச்சக்கமாக ஏறிவிடும். கர்ப்பமானால், அல்லது குழந்தைக்குத் திட்டமிட்டால், உடனே டாக்டரிடம் பேச வேண்டும்.

கடைசியாகக் கால்வலி. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நாள் கணக்கில் நடந்துவிட்டு வருவார்கள். வந்ததும், “தொடையெல்லாம் விண்ணுவிண்ணுன்னு இருக்கு, இந்த மாத்திரைதான் காரணம்” என்பார்கள். அந்த வலியோடு தசைக்கான சிபிகே பரிசோதனையும் செய்தால் எண் எகிறித்தான் இருக்கும். பழக்கமில்லாத நடையே அதை ஏற்றிவிடும். ஒரு வாரம் ஓய்வுக்குப் பிறகு பார்ப்பதுதான் சரி.

மாத்திரையால் தசைவலி வருவதே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2020-ல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு யோசிக்க வைக்கிறது. பக்கவிளைவு என்று மாத்திரையை விட்ட 60 பேருக்குச் சில மாதங்கள் மருந்தும், சில மாதங்கள் மருந்தில்லாத போலி மாத்திரையும், சில மாதங்கள் ஒன்றுமே இல்லாமலும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். மருந்தில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் போலி மாத்திரையிலும் வந்தது. அதைத் தங்கள் கண்ணால் பார்த்தபின் பாதிப்பேர் மறுபடி மருந்தைத் தொடங்கினார்கள்.

அதனால் சாதாரண வலிக்கு டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம், தைராய்டு குறைவா என்றும் பார்க்கச் சொல்வார். இரண்டு பக்கமும் தொடையும் தோளும் வலுவிழந்து, படியேறக் கையூன்ற வேண்டியிருந்தால், சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனால், அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பழனி வழியில் இருந்தாலும் சரி.