விளிம்பில் அலை திரும்புகிறதா? கழித்துப் பாருங்கள்

அலைச் சமன்பாட்டைக் கணினியில் தீர்க்கும்போது பரப்பை எங்காவது வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டிய விளிம்பில் மதிப்பைச் சுழியமாக்கினால் அலை தலைகீழாகத் திரும்பும். சரிவைச் சுழியமாக்கினால் நிமிர்ந்தபடியே திரும்பும். அலை திரும்பாமல் போய்விட வேண்டிய திறந்தவெளிக்கு இரண்டுமே உதவாது.

ஒரு பரிமாணத்தில் கவலையில்லை. கூரண்ட் எண் (வேகம் × காலப்படி ÷ கட்ட இடைவெளி) சரியாக 1 என்றால், பக்கத்து உள்புள்ளியின் முந்தைய காலப்படி மதிப்பை விளிம்புப் புள்ளிக்கு அப்படியே கொடுங்கள். அலை சுவடின்றி வெளியேறிவிடும்.

இரு பரிமாணத்தில்தான் சிக்கல். முதல்நிலை உறிஞ்சு விளிம்பு (அலையைத் திருப்பாமல் விழுங்க முயலும் எளிய விளிம்பு விதி), நேர்க்குத்தாக வரும் அலையை மட்டுமே முழுதாக விழுங்கும். 45 பாகை சாய்ந்து வந்தால் வீச்சில் சுமார் 17 சதவீதம் திரும்புகிறது; 60 பாகையில் மூன்றில் ஒரு பங்கு! அங்கே 1994-இல் பிரெஞ்சு ஆய்வாளர் பெரஞ்சே தந்த பிஎம்எல் (PML) அடுக்குக்கு, அதாவது விளிம்பை ஒட்டி அலையைத் திருப்பாமல் படிப்படியாகத் தணிக்கும் பட்டைக்கு, மாறிவிடுவதே நல்லது. பெரும்பாலும் 10 கட்டத் தடிமன் போதும்.

எதைப் போட்டாலும் அசைபடத்தைப் பார்த்து முடிவுகட்டாதீர்கள். 1 சதவீதத் திரும்பல் கண்ணுக்கே தெரியாது. அதே அலைமூலம், அதே கட்ட இடைவெளி, அதே காலப்படியோடு மிகப் பெரிய பரப்பில் இன்னொருமுறை ஓட்டுங்கள். அதன் விளிம்பு வரை போன அலை திரும்பி வருவதற்குள் கணிப்பை நிறுத்திவிட வேண்டும். இரண்டிலும் ஒரே புள்ளியில் பதிந்த மதிப்புகளைக் கழித்து, மடக்கை அளவில் வரையுங்கள். மிஞ்சுவது முழுக்க உங்கள் விளிம்பின் பிழை.