பிடித்த வரி, பிடித்த படம், பிடித்த புத்தகம்: நண்பர்களோடு பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தர்மபுரி நாலு ரோடு பக்கம் ஒரு டீக்கடையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாங்கள் ஆறு பேர் கூடுவது வழக்கம். எல்லோரும் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். ஒருவனுக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை. ஒருவன் பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கிறான். இன்னொருவன் தேன்கனிக்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து வருவான். பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் பார்த்த படம், ஓடிக்கொண்டிருக்கும் சீரியல், படித்த புத்தகம், மனசில் நிற்கும் ஒரு வரி என்று வந்து சேரும். பல வருடமாக நடக்கும் இந்தப் பேச்சில் நானே செய்த தவறுகள் உண்டு. பக்கத்தில் இருந்து பார்த்தவையும் உண்டு.

என்னுடையதிலிருந்தே தொடங்குகிறேன். மண்டிக்காரன் ஒருநாள், "கற்றது கைமண் அளவுன்னு வள்ளுவர் சொன்னாரு இல்ல, அது எனக்கு எப்பவும்..." என்று ஆரம்பித்தான். அவன் முடிப்பதற்குள் நான் குறுக்கே புகுந்து, "அது குறளே இல்லடா, ஔவையார் பாட்டு" என்றேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினான். அன்றைக்கு அப்புறம் அவன் பேசவே இல்லை.

சில மாதம் கழித்து மண்டிக்குப் போயிருந்தேன். கல்லாப்பெட்டிக்கு மேலே அவனுடைய அப்பாவின் பழைய கணக்கு நோட்டு ஒன்று இருந்தது. அவர் காலமாகி வெகுநாள் ஆகிறது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழே நீல மையில் அந்த வரி, பக்கத்தில் 'திருவள்ளுவர்' என்று அவர் கையெழுத்து. ஓரம் மஞ்சளாகி, பக்கம் தக்காளிப் பெட்டியின் வைக்கோல் வாசம் அடித்தது. அன்று டீக்கடையில் அவன் சொல்ல வந்தது அவனுடைய அப்பாவைப் பற்றி. அதைக் கேட்கவே விடாமல் செய்துவிட்டேனே என்று இன்றும் வருத்தம் உண்டு.

எனவே ஒருவர் தனக்குப் பிடித்த வரியைச் சொன்னால், "உனக்கு ஏன் இது பிடிக்கும்?" என்று முதலில் கேளுங்கள். யார் எழுதியது என்ற விசாரணை அப்புறம் இருக்கட்டும். திருத்தியே ஆக வேண்டும் என்றால் தனியாக இருக்கும்போது, முழுப் பாட்டோடு சொல்லுங்கள். அந்த வரி தனிப்பாடல் திரட்டில் ஔவையார் பெயரில் இருக்கும் ஒரு வெண்பா. கலைமகளே இன்னும் ஓதிக்கொண்டுதான் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு, "வெறும் பந்தயம் கூற வேண்டாம் புலவீர், எறும்பும் தன் கையால் எண் சாண்" என்று முடியும். இதை நண்பனிடம் சொன்னபோது அவன் கோபப்படவில்லை. எழுதித் தரச் சொல்லி வாங்கி அதே நோட்டில் வைத்துக்கொண்டான். அப்பா எழுதிய பெயரை அடிக்கவில்லை. அடிக்கச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.

அதற்காக, யார் பெயரை வேண்டுமானாலும் போட்டுப் பகிரலாம் என்று ஆகிவிடாது. காலையில் வாட்ஸ்அப்பில் வரும் படங்களைப் பாருங்கள். அப்துல் கலாம், விவேகானந்தர், புத்தர் படத்தைப் போட்டுவிட்டால் போதும், கீழே எந்த வாக்கியமும் ஒட்டிக்கொள்ளும். எந்த நூலில், எந்த உரையில் என்று ஒரு குறிப்பும் இல்லாத வரியை 'யாரோ சொன்னது' என்று சொல்லிப் பழகுவது நல்லது. வரி நன்றாக இருந்தால் பெயர் இல்லாமலும் அது நிற்கும்.

குறள் என்று சொல்லப்படுவதைச் சரிபார்ப்பது மிகச் சுலபம். இரண்டே அடி, முதல் அடியில் நான்கு சீர், இரண்டாவதில் மூன்று. எண்ணிப் பார்த்து ஏழு வரவில்லை என்றால் அது குறள் இல்லை. அதிகாரத்துக்குப் பத்து என்று 133 அதிகாரம், மொத்தம் 1330. 423 என்று எண் சொன்னால் 43ஆவது அதிகாரமான அறிவுடைமையில் மூன்றாவது குறள், "எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்" என்று உடனே எடுத்துவிடலாம்.

எங்கள் ஊர்க்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தர்மபுரி பழைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி நெல்லிக்கனி கொடுத்தது ஔவைக்கு என்பதில் நமக்குப் பெருமை உண்டு, இருக்கவும் வேண்டும். ஆனால் அந்த ஔவை சங்க காலத்தவர். நெல்லிக்கனிக்காக அவர் அதியமானை வாழ்த்திய பாட்டு புறநானூற்றில் 91ஆவதாக இருக்கிறது. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் பாடியவர் பல நூற்றாண்டு பின்னால் வந்த வேறு ஔவை. "அறம் செய விரும்புன்னு அதியமான்கிட்ட ஔவை சொன்னாங்க" என்று மேடையில்கூடக் கேட்டிருக்கிறேன். அதேபோல் "யாதும் ஊரே யாவரும் கேளிர்" என்பதில் வரும் கேளிர் என்ற சொல்லுக்கு உறவினர் என்று பொருள். 'எல்லோரும் கேளுங்கள்' என்று அர்த்தம் இல்லை. கணியன் பூங்குன்றனார் பாடியது, புறநானூறு 192. அடுத்த அடி "தீதும் நன்றும் பிறர்தர வாரா". முதல் அடியை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால் பாட்டில் பாதி போய்விடுகிறது.

பழமொழிக்கு 'உண்மையான அர்த்தம் இதுதான்' என்று அடித்துப் பேசுவதும் வேண்டாம். 'மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே' என்பதில் இருப்பது மண் குதிரை கிடையாது, மண் குதிர்தான், அதாவது ஆற்றில் இருக்கும் மண் திட்டு என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அப்படியும் சொல்கிறார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். சண்டை போடும் அளவுக்கு அதில் ஆதாரம் இல்லை.

அடுத்தது கதையின் முடிச்சை உடைப்பது. ஒரு ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போயிருந்தோம். புது வெள்ளம் செம்மண் நிறத்தில் சுழித்து ஓடியது. கல்கியின் பொன்னியின் செல்வன் தொடங்குவதும் ஆடிப்பெருக்கு நாளில்தான், வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் காட்சியோடு என்று ஒருவன் சொன்னான். ஓசூர்க்காரனுக்கு ஆசை வந்துவிட்டது. அஞ்சு பாகத்தையும் படிக்கிறேன் என்றான். வாய் மூடவில்லை, இன்னொருவன் ஆதித்த கரிகாலனுக்கு என்ன ஆகிறது என்று கொட்டிவிட்டான். 1950இல் ஆரம்பித்து 1954 வரை தொடராக வந்த கதை, 2022லும் 2023லும் படமாகவும் வந்துவிட்டது, இதில் என்ன ரகசியம் என்று கேட்டான். இதுவரை படிக்காத ஒருவன் எதிரில் உட்கார்ந்திருந்தானே, அதை அவன் யோசிக்கவில்லை. ஓசூர்க்காரன் முதல் பாகத்தோடு நிறுத்திக்கொண்டான்.

கதையைப் பற்றிப் பேசும் முன் "எது வரைக்கும் பார்த்திருக்க?" என்று கேட்டுவிடுங்கள். "கடைசியில ஒரு ட்விஸ்ட் இருக்கு, சொல்ல மாட்டேன்" என்பதும் சொன்னதற்குச் சமம்தான். கேட்டவன் படம் முழுக்க அந்தத் திருப்பத்தையே தேடிக்கொண்டிருப்பான். "அந்த கேரக்டரை ரொம்ப நம்பாத" என்பது அதைவிட மோசம்.

"இதைக்கூடப் பார்க்கலையா?" என்ற கேள்வியையும் விட்டுவிடலாம். நைட் ஷிப்ட் முடித்து வருபவனுக்கு மூன்று மணி நேரப் படம் பார்க்க எங்கே நேரம்? அம்மாவோடு உட்கார்ந்து அரை மணி நேரம் சீரியல் பார்ப்பதுதான் அவனுக்குக் கிடைக்கும் பொழுது. அதைக் கேலி செய்தால் அடுத்த வாரத்திலிருந்து பிடித்ததை அவன் சொல்லவே மாட்டான். படம் மட்டும் பார்த்து ரசித்தவனிடம், 'புத்தகம் மாதிரி வராது' என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்வதும் இப்படித்தான்.

கிருஷ்ணகிரிப் பக்கத்து நண்பர்கள் இருந்தால் மொழியிலும் கவனம் வேண்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி வளர்ந்தவர்கள் அதிகம். எங்கள் தேன்கனிக்கோட்டை நண்பன் ஒருநாள் சர்வக்ஞரின் வரி ஒன்றைக் கன்னடத்தில் சொன்னான். யாருக்கும் புரியவில்லை, ஒருவன் உடனே வேறு பேச்சுக்குத் தாவினான். சர்வக்ஞர் கன்னடத்தில் மூன்றடிப் பாக்கள் பாடியவர். நம் வள்ளுவருக்குப் பெங்களூரில் சிலை திறந்த அதே 2009ஆம் ஆண்டில் சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞருக்குச் சிலை திறந்தார்கள். "இன்னொரு தடவை மெதுவா சொல்லு, அர்த்தம் என்ன?" என்று நாங்கள் கேட்டிருக்க வேண்டும். அடுத்த வாரம் கேட்டோம். இரண்டு டீ ஆறும் வரை அவன் விளக்கிக்கொண்டிருந்தான்.

கடைசியாக, இரவல் புத்தகம். பேச்சு சூட்டில் "நாளைக்கே படிச்சிட்டுத் தரேன்" என்று வாங்கிப் போய், இரண்டு வருடம் அலமாரியில் வைத்திருப்பது நட்பையே கசக்க வைக்கும். கொடுப்பவர் முதல் பக்கத்தில் பெயரும் தேதியும் எழுதி, யார் கையில் போகிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டும். வாங்குபவர் ஒரு மாதத்தில் படிக்க முடியவில்லை என்றால் படிக்காமலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம், மாவட்ட மைய நூலகத்தில் அதே புத்தகம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம்.