பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் கார்டு வாங்கலாமா வேணாமா: நூத்துக்கு எவ்ளோன்னு போட்டுப் பாருங்க

நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் யார்கிட்ட கடன் வாங்கினாலும் முதல் கேள்வி "நூத்துக்கு எவ்ளோ"தான். ரெண்டு வட்டின்னா சரி பரவால்ல, மூணுன்னா யோசிப்போம், அஞ்சுன்னா கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்துருவோம். கிரெடிட் கார்டுக்கு மட்டும் இந்தக் கேள்விய யாரும் கேக்கறதே இல்ல. ஸ்டேட்மென்ட்ல கடைசிப் பக்கங்கள்ல பொடி எழுத்துல மாசம் 3.6, இல்லனா 3.75 சதவீதம்னு போட்டிருக்கும், அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி வேற. 3.6ஓட ஜிஎஸ்டிய சேத்தா 4.25 வருது, நாலேகால் வட்டிங்க. ரவுண்டானா பக்கம் ஃபைனான்ஸ்காரர் நாலேகால்னு சொன்னா சண்டைக்குப் போவோம், இதே வட்டிய கார்டுல சத்தமில்லாம கட்டிட்டு இருக்கோம்.

அரசாங்கம் வட்டிய குறைக்கும்னு காத்திருக்கறவங்களுக்கு ஒரு விஷயம். கார்டு வட்டி வருஷம் 30 சதவீதத்த தாண்டக்கூடாதுன்னு தேசிய நுகர்வோர் ஆணையம் 2008ல சொல்லிச்சு, 2024 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் அந்த உத்தரவ ரத்து பண்ணிடுச்சு. அதனால நம்ம கடன நாமதான் பாத்துக்கணும்.

பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர்னா பெரிய வித்தை எல்லாம் இல்ல, ஒரு பேங்க் கார்டுல இருக்கற பாக்கிய இன்னொரு பேங்க் கார்டு கட்டிடும், இனிமே நீங்க புது பேங்குக்கு கொஞ்சம் கம்மி வட்டியில கட்டணும், அவ்ளோதான். ஒரே பேங்கோட ரெண்டு கார்டுக்கு நடுவுல இது நடக்காது. யூட்யூப்ல அமெரிக்கா வீடியோ பாத்துட்டு 15 மாசம், 18 மாசம் வட்டியே கிடையாதாம்னு நிறைய பேர் வந்து கேக்கறாங்க, அது அந்த ஊர் கதைங்க. இங்க பெரும்பாலும் ரெண்டு மாதிரிதான் கிடைக்கும். ஒண்ணு, ரெண்டு மூணு மாசத்துக்கு வட்டி இல்லாம இல்லனா ரொம்ப கம்மியா, ஆனா ப்ராசஸிங் ஃபீஸ் உண்டு. இன்னொண்ணு, பாக்கிய 6 மாசம், 12 மாசம், 24 மாசம்னு இஎம்ஐயா மாத்தறது.

சரி, கணக்குக்கு வருவோம், பேப்பர் பேனா எடுத்துக்கோங்க. 80,000 ரூபா பாக்கின்னு வெச்சுப்போம், வட்டி மாசம் 3.6. ஒரு மாசத்துக்கு வட்டி 2,880, அதுக்கு ஜிஎஸ்டி 518, ஆக 3,398 ரூபா. மினிமம் டியூ, அதாவது அந்த மாசம் குறைஞ்சபட்சம் கட்டியே ஆகவேண்டிய தொகை, 5 சதவீதம்னா 4,000. அந்த 4,000த்த கட்டிட்டு "இந்த மாசம் கார்டு முடிஞ்சுது"ன்னு நிம்மதியா தூங்கறோம் பாருங்க, அசல்ல குறைஞ்சது வெறும் 600 ரூபா. நான் பாத்த வரைக்கும் ஓசூர் சிப்காட்ல நல்ல சம்பளம் வாங்கற பசங்க கூட இந்த இடத்துலதான் மாட்டிக்கறாங்க, மினிமம் கட்டினா சிபில் (கடன ஒழுங்கா கட்டறோமான்னு காட்டற ஸ்கோர்) கெடாது, அதனால எல்லாம் சரியாத்தான் போகுதுன்னு ஒரு நினைப்பு.

இதே கார்டுல புதுசா எதுவும் தேய்க்காம மாசம் 8,000 கட்டினா முடிய 14 மாசம் ஆகும், வட்டியும் ஜிஎஸ்டியும் மட்டும் 26,000 ரூபாக்கு மேல. இப்ப இதையே 12 மாச இஎம்ஐயா வேற கார்டுக்கு மாத்தறோம், வருஷம் 18 சதவீதம், குறையற அசலுக்கு மட்டும் வட்டின்னு வைங்க. இஎம்ஐ 7,334, மொத்த வட்டி 8,000 சில்லறை, கார்டு வட்டிங்கறதால அதுக்கும் ஜிஎஸ்டி 1,440 கிட்ட. ப்ராசஸிங் ஃபீஸ் 2 சதவீதம்னா ஜிஎஸ்டியோட 1,888. புது கார்டுக்கு வருஷ ஃபீஸ் 500ன்னா அது ஜிஎஸ்டியோட 590. எல்லாத்தையும் கூட்டுங்க, 12,000 ரூபாக்குள்ள முடியுது. 14,000 ரூபா மிச்சம். இந்த மாதிரி கேஸுக்கு தாராளமா போகலாம்.

ஆனா அவசரப்படாதீங்க, இன்னும் ரெண்டு கணக்கு இருக்கு. அதே 80,000 பர்சனல் லோனா 16 சதவீதத்துக்கு கிடைச்சா 12 மாசத்துக்கு வட்டி 7,100, ப்ராசஸிங் அதே 1,888, மொத்தம் 9,000. பர்சனல் லோன் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது, கார்டு வட்டிக்கு மட்டும்தான் உண்டு, இத யாரும் போன் பண்ணி சொல்ல மாட்டாங்க. வீட்ல சும்மா கெடக்கற நகை இருந்து, பேங்க்லயோ கூட்டுறவு பேங்க்லயோ 10 சதவீதத்துக்கு வெச்சு மாசாமாசம் கட்டிட்டு வந்தா வட்டி 4,400 கிட்டதான். நூத்துக்கு ஒரு ரூபா கூட இல்ல. நகைய வெச்சா மானம் போயிடும்னு நாலேகால் வட்டி கட்டறவங்கள எனக்குத் தெரியும், அதுல எனக்கு உடன்பாடு இல்ல. என்ன, கட்ட முடியாம போனா நகை ஏலத்துக்குப் போகும், கார்டு கடன்ல அந்த பயம் இல்ல. சம்பளம் நிலையா வர்றவங்க நகைக்கடன் பக்கம் போலாம், வருமானம் ஆடிட்டு இருக்கறவங்க யோசிங்க.

போன்ல பேசற புள்ள "சார் மாசம் ஒரு பர்சன்ட்தான் சார்"னு சொன்னா ஃபிளாட்டா ரெட்யூசிங்கான்னு கேளுங்க. ஃபிளாட்னா நீங்க பாதி அசலக் கட்டின பிறகும் முழு 80,000த்துக்கு வட்டி போட்டுட்டே இருப்பாங்க, ரெட்யூசிங்னா மேல சொன்ன மாதிரி குறையற அசலுக்கு மட்டும்தான் வட்டி. 12 மாசத்துக்கு ஃபிளாட் 12 சதவீதம்னா நிஜத்துல அது 21 சதவீதத்துக்கு மேல. இஎம்ஐ எவ்ளோ, எத்தன மாசம், ஃபீஸ் எவ்ளோன்னு மூணு நம்பர மட்டும் வாங்கிக்கிட்டு போன வெச்சுடுங்க, மொத்தமா எவ்ளோ கட்டறோம்னு நீங்களே கூட்டிக்கலாம்.

அந்த ரெண்டு மாச ஆஃபர் இருக்கே, அது யாருக்குன்னா குறிப்பிட்ட தேதியில கைக்கு ஒரு தொகை வர்றது உறுதியா தெரிஞ்சவங்களுக்கு மட்டும். ஆயுதபூஜை, தீபாவளி போனஸ் வருது, சீட்டு எடுத்தாச்சு அடுத்த மாசம் பணம் கைக்கு வரும், இந்த மாதிரி. 80,000க்கு 1,888 ஃபீஸ் குடுத்து ரெண்டு மாசம் தள்ளிப்போட்டா மாசத்துக்கு நூத்துக்கு ஒண்ணேகால் கூட ஆகல, நல்ல டீல். ஆனா மாங்கா குத்தகைப் பணம் வரும், ராயக்கோட்டை மார்க்கெட்ல தக்காளி வெல ஏறும்னு நம்பி இதுல இறங்காதீங்க. 2025 சீசன்ல பெங்களூரா மாங்கா வெல எப்படி விழுந்துச்சுன்னு நம்ம பக்கம் யாருக்கும் சொல்லித் தரணுமா என்ன. கெடு தாண்டின அடுத்த நாளே மிச்ச பாக்கிக்கு பழைய மூணரை, மூணேமுக்கால் ரேட்டுதான், ஃபீஸும் போச்சு.

பாக்கி சின்னதா இருந்தா விட்டுடுங்க. 12,000 ரூபா பாக்கி, மாசம் 6,000 கட்ட முடியும்னா பழைய கார்டுலயே வட்டி, ஜிஎஸ்டி எல்லாம் சேத்து 800 ரூபாக்குள்ள கதை முடிஞ்சுடும், அதுக்கு ஒரு புது கார்டு, அதுக்கு ஒரு வருஷ ஃபீஸ், சிபில்ல கடன் கேட்டதா ஒரு என்கொயரி பதிவு எதுக்கு. அதே மாதிரி ஏற்கனவே ரெண்டு மூணு மாசம் கட்டாம விட்டிருந்தா புது கார்டு கிடைக்கறதே கஷ்டம், அப்ளை பண்ணிப் பண்ணி ரிஜெக்ட் ஆனா ஸ்கோர் இன்னும் இறங்கும். அவங்க பழைய பேங்குலயே பேசி பாக்கிய இஎம்ஐயா மாத்திக் கேக்கறதுதான் வழி. செட்டில்மென்ட் பண்ணிக்கலாம் பாதி கட்டுங்கன்னு பேங்க்காரங்களே சொன்னாலும் உடனே தலையாட்டாதீங்க, ரிப்போர்ட்ல 'செட்டில்டு'ன்னு ஏறிடுச்சுன்னா நாளைக்கு வீட்டு லோனுக்குப் போகும்போது அதான் முன்னாடி வந்து நிக்கும்.

புது கார்டு அப்ளை பண்றதுக்கு முன்னாடி பர்ஸ்ல தூங்கற இன்னொரு கார்டு இருக்கான்னு பாருங்க. நிறைய பேங்க் இந்த ஆஃபர ஏற்கனவே இருக்கற கஸ்டமருக்குத்தான் ஆப்ல காட்டும். புது கார்டுன்னா லிமிட் எவ்ளோ வரும்னு கைக்கு வந்த பிறகுதான் தெரியும், 50,000 லிமிட் குடுத்துட்டு அதுலயும் ஒரு பங்கு மட்டும்தான் டிரான்ஸ்ஃபர் பண்ண விடுவாங்க, 80,000த்த மாத்தலாம்னு போனவரு 35,000 மாத்திட்டு ரெண்டு பக்கமும் கட்டிட்டு இருப்பாரு. சில கார்டுக்கு நம்ம பின்கோட போட்டாலே அப்ளிகேஷன் நகராது, ஓசூருக்கு குடுப்பாங்க, பென்னாகரத்துக்கு குடுக்க மாட்டாங்க. சிபில் ரிப்போர்ட் வருஷத்துக்கு ஒரு தடவ இலவசமா எடுக்கலாம், அத பாத்துட்டு அப்ளை பண்ணுங்க.

இன்னொரு கூட்டம் இருக்கு, "கார்டு பில் நாங்க கட்டறோம், ஸ்வைப் பண்ணிக் கேஷ் தர்றோம்"னு கடை போட்டு உக்காந்திருக்கறவங்க. கார்டு ரொட்டேஷன்னு சொல்லுவாங்க. உங்க பில்ல அவங்க கட்டி, அதே கார்ட அவங்க மெஷின்ல தேச்சு பணத்த எடுத்துக்கிட்டு, நூத்துக்கு ரெண்டோ மூணோ கமிஷன் வாங்கிக்குவாங்க. இது பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் கிடையாது, தயவுசெஞ்சு குழப்பிக்காதீங்க. மாசம் ரெண்டு ரூபா போயிட்டே இருக்கும், அசல் ஒரு ரூபா குறையாது, பேங்க் கண்டுபிடிச்சா கார்ட பிளாக் பண்ணிடும், அன்னைக்கு மொத்தப் பணத்துக்கும் எங்க போறது?

மாத்தலாம்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா ஆப்ல இல்லனா பேங்க் சைட்ல நீங்களே போய் அப்ளை பண்ணுங்க. பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் ஆஃபர்னு போன் பண்ணி ஓடிபி கேட்டா அது திருட்டுப் பயலுங்கதான், பணம் போயிட்டா தாமதிக்காம 1930க்கு போன் பண்ணுங்க. அப்ளை பண்ணதும் பணம் பழைய கார்டுக்குப் போய்ச்சேர சில நாள் ஆகும், அதுக்குள்ள பழைய கார்டோட டியூ தேதி வந்தா மினிமமாவது கட்டிடுங்க. மூணு நாள் வரைக்கும் தாமதமானா லேட் ஃபீஸ் போடக்கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் விதி இருக்கு, அத நம்பி இழுக்காதீங்க, வட்டி எப்படியும் ஓடும்.

பெரிய ஏமாத்தம் எங்க வரும்னா, டிரான்ஸ்ஃபர் ஆன பிறகு பழைய கார்டுல வர்ற அடுத்த ஸ்டேட்மென்ட்ல. பாக்கி பூஜ்யம்னு நெனச்சிருப்போம், 1,400, 1,700ன்னு ஒரு தொகை நிக்கும். அது போன ஸ்டேட்மென்ட் தேதியில இருந்து பணம் வந்து சேர்ந்த நாள் வரைக்கும் ஓடின வட்டி. பேங்க் தப்பா போட்டிருக்குன்னு விட்டுடுவாங்க, அது மேல லேட் ஃபீஸ் ஏறும், சிபில்ல தாமதம்னு விழும், 1,400 ரூபாக்கு ஸ்கோரே போயிடும். அதனால ரெண்டு ஸ்டேட்மென்ட் வரைக்கும் பழைய கார்ட கண்ணுல வெச்சிருங்க.

புது கார்ட மளிகைக்கோ பெட்ரோலுக்கோ தேய்க்காதீங்க. இஎம்ஐ, புதுச் செலவு எல்லாம் ஒரே பில்லா வரும், முழுசா கட்டாம விட்டா அந்த பெட்ரோலுக்கு நீங்க தேச்ச நாள்ல இருந்தே வட்டி. ஏடிஎம்ல பணம் எடுத்தா சொல்லவே வேணாம், எடுத்த நிமிஷத்துல இருந்து வட்டி, தனியா ஃபீஸ். நடுவுல பணம் வந்து முன்னாடியே அடைக்கணும்னா அதுக்கும் சில பேங்க் 3 சதவீதம் வரைக்கும் கேக்கும், கையெழுத்துக்கு முன்னாடியே அத கேட்டு வெச்சுக்கோங்க.

பழைய கார்ட மூடறதா வேணாமான்னா, பழசு, வருஷ ஃபீஸ் இல்லன்னா வெச்சுக்கலாம், லிமிட் திறந்திருந்தா சிபிலுக்கு நல்லதுதான். ஆனா ஆப்ல கார்டு நம்பர் சேவ் ஆகியிருந்து ராத்திரி பத்து மணிக்கு ஆர்டர் போடற பழக்கம் இருந்தா சிபில் கிடக்கட்டும், மூடிடுங்க. பாக்கி எதுவும் இல்லாம இருந்து மூடச் சொல்லி எழுதிக் குடுத்தா 7 வேலை நாள்ல பேங்க் மூடணும், இல்லனா அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபா உங்களுக்குத் தரணும், 2022 ஜூலைல இருந்து விதி இது. போன்ல சொன்னா வேற ஆஃபர் குடுத்து உக்கார வெச்சுடுவாங்க, மெயில்ல அனுப்புங்க, தேதியோட ஆதாரம் கையில இருக்கும்.