ஈரம் போகாத டிரையர்: முதலில் காற்றுப் பாதை, பிறகு மின்சாரம்

ஜூன் மாதத்தில் மழை பிடித்துக்கொண்டால், செப்டம்பர் முடியும்வரை மும்பையில் துணி உலர்த்துவது பெரும்பாடு. செம்பூரிலும் மாட்டுங்காவிலும் நம்மவர் குடியிருக்கும் அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் பால்கனியை அடைத்து அறையோடு சேர்த்துவிட்டதால், கொடியில் மூன்று நாள் தொங்கிய பருத்திப் புடவையும் வேட்டியும் ஈரவாடை மாறாமலே மடிப்புக்கு வருகின்றன. மின்சார டிரையர் வாங்கிய வீடுகளில், அது பழுதாகும் நாளும் பெரும்பாலும் ஜூலையில்தான் வருகிறது.

இங்கே டிரையர் என்று நான் சொல்வது, இரட்டைத் தொட்டி வாஷிங் மெஷினில் துணியைப் பிழியும் தொட்டியை அன்று. சூடான காற்றைச் சுழலும் டிரம்முக்குள் செலுத்தி, ஈரத்தை ஒரு குழாய் வழியே வெளியேற்றும் தனி இயந்திரத்தையே குறிக்கிறேன். இத்தகைய இயந்திரம் பழுதாகும்போது எல்லோரும் முதலில் ஹீட்டரையே சந்தேகிக்கிறார்கள். நான் பிரித்துப் பார்த்த அளவில், குற்றம் பெரும்பாலும் காற்று போகும் பாதையில்தான் இருந்தது. ஹீட்டரோ ஃபியூஸோ போயிருந்தாலும், அதைப் போக வைத்தது அடைபட்ட காற்றாகவே இருந்தது.

எவ்வளவு நேரம் ஆவது நியாயம்?

பழுது என்று முடிவு கட்டுமுன் ஒரு சிறிய கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் நீரை ஆவியாக்கக் குறைந்தது 0.67 யூனிட் மின்சாரம் வேண்டும். துணியும் டிரம்மும் சூடாவதையும் வெளியே போகும் வெப்பத்தையும் சேர்த்தால், நடைமுறையில் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேலாகும். ஐந்து கிலோ பருத்தித் துணியை வாஷிங் மெஷின் நிமிடத்துக்கு 1000 சுற்றில் பிழிந்தால், அதில் ஏறத்தாழ மூன்று லிட்டர் நீர் தங்குகிறது. ஆகவே 2000 வாட் ஹீட்டர் உள்ள டிரையருக்கு அந்தச் சுமையைக் காயவைக்க ஒன்றரை முதல் ஒன்றேமுக்கால் மணி நேரம் பிடிப்பது இயல்பு. அதே துணி 600 சுற்றில் பிழியப்பட்டால் நீர் நான்கு லிட்டருக்கு ஏறிவிடும். நேரமும் அதற்கேற்ப நீளும். டிரையர் மெதுவாகிவிட்டது என்று குறைப்படுகிறவர்கள், வாஷிங் மெஷினின் பிழியும் வேகத்தை யாரேனும் குறைத்து வைத்திருக்கிறார்களா என்பதை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

காற்றுப் பாதை

கணக்குக்கு மீறிய நேரம் பிடிக்கிறது, துணி சூடாக இருந்தும் ஈரம் போகவில்லை என்றால், பஞ்சு வடிகட்டியில் தொடங்க வேண்டும். ஒவ்வொரு சுமைக்குப் பிறகும் அதில் படிந்த பஞ்சை எடுக்கிறவர்கள்கூட, வலையின் நுண்துளைகளைச் சோப்புக் கரைசல் மெல்லிய படலமாக மூடிவிடுவதைக் கவனிப்பதில்லை. குழாயடியில் வலையின்மீது நீரை ஊற்றிப் பாருங்கள்; நீர் வழிந்தோடாமல் வலையிலேயே தேங்கி நின்றால், மென்மையான பல்துலக்கியும் சோப்பும் கொண்டு தேய்த்து, முழுவதும் உலரவிட்டுத் திரும்பப் பொருத்துங்கள்.

அடுத்தது வெளியேற்றும் குழாய். இடம் மிச்சம் செய்வதற்காக இயந்திரத்தைச் சுவரோடு நெருக்கித் தள்ளும்போது குழாய் பின்புறம் நசுங்கிவிடுகிறது. அதைவிடக் கெடுதலானது, குழாயை எங்கும் கொண்டுபோகாமல் அடைத்த பால்கனிக்குள்ளேயே விட்டுவிடுவது. அவ்வாறு செய்தால் துணியிலிருந்து வெளியேறிய ஈரத்தையே இயந்திரம் மீண்டும் உறிஞ்சி, அதையே சூடாக்கித் துணிமேல் செலுத்துகிறது. எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் துணி புழுங்குமே ஒழியக் காயாது. இதை உறுதி செய்ய எளிய வழி உண்டு. குழாயைக் கழற்றிவிட்டு, சன்னலை முழுவதும் திறந்து, ஒரு சுமையை மட்டும் ஓட்டிப் பாருங்கள். துணி உரிய நேரத்தில் காய்ந்தால் குறை குழாயிலும் அதன் போக்கிலும்தான் இருக்கிறது. நகரும் சன்னலின் ஒரு பக்கத்தில் குழாயின் அளவுக்குத் துளையிட்ட அக்ரிலிக் பலகையைப் பொருத்தி, குழாயைக் குட்டையாகவும் நேராகவும் வெளியே விடுவது போதுமானது. சுவரில் துளையிட வேண்டியிருந்தால் சொசைட்டியின், அதாவது குடியிருப்போர் சங்கத்தின், அனுமதி பெற்ற பிறகே செய்யுங்கள்.

சுழல்கிறது, ஆனால் சூடில்லை

இனி வருவது திறந்து பார்க்கும் வேலை. பிளக்கைப் பிடுங்கித் தனியே வைத்த பிறகே பின்மூடியின் திருகுகளைத் தொட வேண்டும். சுவிட்சை அணைத்தது போதும் என்று எண்ணக்கூடாது. மோட்டாருக்கு அருகிலுள்ள கெபாசிட்டர் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும் என்பதால், அதன் இரு முனைகளையும் 10 கிலோ ஓம் மின்தடை ஒன்றால் சில விநாடிகள் இணைத்து வடித்துவிடுங்கள். இந்த வேலையில் பழக்கமில்லாதவர்கள் இவ்விடத்தோடு நிறுத்தி, மின்பணியாளரை அழைப்பதே சரி.

ஹீட்டரின் ஒரு கம்பியையாவது கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து அதன் முனைகளைத் தொட வேண்டும். 230 வோல்ட்டில் 2000 வாட் தரும் ஹீட்டர் ஏறத்தாழ 26 ஓம் காட்டும். சில இயந்திரங்களில் 1000 வாட் சுருள்கள் இரண்டு இருக்கும்; தனித்தனியே ஒவ்வொன்றும் 53 ஓம் அளவில் காட்டும். அவற்றில் ஒன்று அறுந்தால் சூடு இருக்கும், ஆனால் பாதிதான் இருக்கும். இதை ஹீட்டர் பழுது என்று உணராமல் மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு. எந்த முனையையும் உலோக உடலோடு சேர்த்து அளந்தால் மீட்டர் தொடர்பே காட்டக்கூடாது. காட்டினால் சுருள் தொய்ந்து உடலைத் தொடுகிறது என்று பொருள். ஓட்டியவுடன் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், விழுவதற்கு இதுவே வழக்கமான காரணம்.

ஹீட்டர் நன்றாக இருந்தால், அதன் கூட்டின்மேல் பொருத்தியிருக்கும் தெர்மல் ஃபியூஸைப் பாருங்கள். நல்ல நிலையில் அது பூஜ்ய ஓம் காட்ட வேண்டும். சூடு மிஞ்சும்போது அது நிரந்தரமாக அறுந்துபோகும்படியே செய்யப்பட்டிருக்கிறது. இங்கே சற்று நின்று சொல்ல வேண்டியது இருக்கிறது. எங்கள் வீட்டு டிரையரைச் சரிசெய்ய வந்த ஒருவர், அறுந்த ஃபியூஸின் இரு கம்பிகளையும் நேரடியாக முறுக்கி இணைத்துவிட்டு, இயந்திரம் ஓடுகிறது என்று காட்டிப் பணம் வாங்கிச் சென்றார். மறு ஆண்டு நான் அதைத் திறந்தபோது ஹீட்டர் கூட்டைச் சுற்றிப் பஞ்சு கருகியிருந்தது. என் தாயார் பகல் முழுவதும் தனியாக இருக்கும் வீடு அது. 2016 ஆகஸ்டில் லண்டனின் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் பல தளங்களுக்குப் பரவிய தீ, ஒரு வீட்டின் டிரையரிலிருந்தே தொடங்கியது. எனவே அந்த ஃபியூஸை எக்காரணத்துக்காகவும் தவிர்த்துக் கம்பியை இணைக்காதீர்கள். இணைத்துத் தருவதாகச் சொல்கிறவரை வேலை செய்ய விடாதீர்கள். புதியதை வாங்கும்போது பழையதன் உடலில் அச்சிட்டிருக்கும் வெப்பநிலையும் ஆம்பியரும் அப்படியே பொருந்த வேண்டும். கிராண்ட் ரோடு நிலையத்துக்கு அருகிலுள்ள லாமிங்டன் சாலைக் கடைகளில் தேடலாம். பழைய பாகத்தையே கையோடு எடுத்துச் செல்லுங்கள். மாற்றிய கையோடு, அது ஏன் அறுந்தது என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும்: அடைபட்ட குழாயோ, காற்றாடியில் சுற்றிய பஞ்சோ, குறித்த சூட்டில் ஹீட்டரை நிறுத்தத் தவறிய தெர்மோஸ்டாட்டோ காரணமாக இருக்கும்.

சுழலவே இல்லை

எந்த அசைவும் இல்லையென்றால், சாக்கெட்டில் மின்சாரம் வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கதவுச் சுவிட்சுக்கு வாருங்கள். கதவை மூடும்போது 'கிளிக்' ஓசை கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் கொக்கி தேய்ந்திருக்கும். மோட்டார் ஓடும் ஓசை கேட்டும் டிரம் நின்றிருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கையால் டிரம்மைச் சுழற்றுங்கள். எதிர்ப்பே இல்லாமல் சுழன்றால் பெல்ட் அறுந்துவிட்டது. முனகல் மட்டும் கேட்டால் கெபாசிட்டரை அளக்க வேண்டும். அச்சிட்ட மைக்ரோஃபாரட் மதிப்பிலிருந்து பத்து விழுக்காட்டுக்குமேல் குறைந்திருந்தால், அதே மதிப்பும், வோல்ட் அளவு குறையாததும் ஆன புதியதைப் போடுங்கள்.

துணியின் ஈரத்தை உணர்ந்து தானாக நிற்கும் சென்சார் உள்ள இயந்திரம், துணி ஈரமாக இருக்கும்போதே நின்றுவிட்டால், டிரம்மின் வாயருகே உள்ள இரு உலோகப் பட்டைகளை வினிகரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும். துணி மென்மையாக்கும் திரவத்தின் படலம் அவற்றை மூடியிருக்கும்.

சாக்கெட்டும் எண்ணெய்த் துண்டும்

இந்த இயந்திரம் ஏறத்தாழ 9 ஆம்பியரைத் தொடர்ந்து இரண்டு மணி நேரம் இழுக்கிறது. ஆகவே 16 ஆம்பியர் சாக்கெட்டில் நேரடியாகச் செருக வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. அரை மணி நேரம் ஓடிய பிறகு அணைத்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடோ, பின்களில் பழுப்பேறிய கறையோ இருந்தால், சாக்கெட்டின் பிடி தளர்ந்துவிட்டது, அதை மாற்றியாக வேண்டும். கடற்காற்றில் உள்ளே இருக்கும் கம்பி முனைகளும் பச்சைப் பூத்துத் தளர்கின்றன. மூடியைத் திறந்த ஒவ்வொரு முறையும் அவற்றை இழுத்துப் பார்ப்பது பயன் தரும்.

தீபாவளிக்கும் சனிக்கிழமைகளுக்கும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வீடுகளில், நல்லெண்ணெய் ஊறிய துண்டை டிரையரில் போடும் வழக்கத்தை அறவே விட வேண்டும். துவைத்த பின்னும் நூலில் தங்கும் எண்ணெய், சூடேறிய துணிக் குவியலுக்குள் காற்றோடு வினைபுரிந்து தானாகவே மேலும் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். இதே காரணத்துக்காக, இறுதியில் வரும் பத்து நிமிடக் குளிர்காற்று ஓட்டத்தை அவசரப்பட்டு நடுவில் நிறுத்திச் சூடான துணியைக் குவித்து வைப்பதும் தவறு. அந்தத் துண்டுகளைக் கொடியிலேயே போடுங்கள்.

மூடியைத் திருகி முடித்ததும், பிளக்கின் எர்த் பின்னுக்கும் இயந்திரத்தின் உலோக உடலுக்கும் இடையே மீட்டர் கிட்டத்தட்டப் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு பிழிந்த துண்டுகள் சிலவற்றைப் பையிலிட்டுப் பெட்டி நிறுக்கும் தராசில் நிறுத்து, நாற்பது நிமிடம் முழுச் சூட்டில் ஓட்டி, மீண்டும் நிறுங்கள். 2000 வாட் இயந்திரத்தில் எடை ஒரு கிலோவுக்கு அருகில் குறைந்திருந்தால் பழுது நீங்கிவிட்டது. அரை கிலோகூடக் குறையவில்லையென்றால், மீண்டும் வெளியேற்றும் குழாயிலிருந்து தொடங்குங்கள்.