துறைத் தலைவர் கேட்கக் கூடாத கேள்விகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கக் கல்லூரிகளில் புதிதாகத் துறைத் தலைவர் ஆகிறவர்கள் பலர் கோச்சிங் முறைத் தலைமை பற்றி ஒரு பயிலரங்கிலாவது உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். உத்தரவு போடாமல், கேள்வி கேட்டு, எதிரில் இருப்பவரே வழி கண்டுபிடிக்க விடுவது. நல்ல முறைதான். ஆனால் வந்த வாரமே, நாங்கள் அந்தக் காலத்தில் அடித்த அதே கூத்தை அடிக்கிறார்கள். போனைப் பார்த்துக்கொண்டே பேசுவது, குறுக்கே பேசுவது போன்றவற்றைச் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்.

முடிவெடுத்துவிட்டுக் கருத்துக் கேட்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் முதல் பீரியடுக்குப் பாதி வகுப்புதான் இருக்கும். துறைத் தலைவர் ஓர் இளம் பேராசிரியையை அழைத்து, "என்ன பண்ணலாம்னு நீங்களே சொல்லுங்கம்மா" என்றார். அந்த அம்மா தயாராகவே வந்திருந்தார். பென்னாகரம் பக்கமிருந்து யார் வருகிறார்கள், பாலக்கோட்டிலிருந்து யார், எந்த டவுன் பஸ் எத்தனை மணிக்கு வந்து சேர்கிறது என்று நோட்டில் எழுதி வைத்திருந்தார். முதல் பீரியடை நூலகத்துக்கு விட்டுவிட்டு முக்கியப் பாடத்தை இரண்டாவதுக்கு நகர்த்தலாம் என்றார். "சரி, வேற?" என்றார் தலைவர். இன்னொரு யோசனை சொன்னார். "இன்னும் யோசிங்க." கடைசியில் சலித்துப்போய், "இன்டர்னல் மார்க்ல கை வைக்கலாம் சார்" என்றார். தலைவர் முகம் மலர்ந்தது. "பாருங்க, நீங்களே சொல்லிட்டீங்க!" டிராயரிலிருந்து சுற்றறிக்கையை எடுத்து நீட்டினார். முந்தின நாள் தேதி போட்டு டைப் ஆகியிருந்தது.

நேரடியாக உத்தரவு போட்டிருந்தால் இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு விட்டிருப்பார்கள். இது டீ வருவதற்குள் ஸ்டாஃப் ரூம் முழுக்கப் பரவியது. அப்புறம் துறைக் கூட்டத்தில் எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "நீங்க சொல்ற மாதிரியே செஞ்சிடலாம் சார்." இதன் விலை, கல்லூரிக்குத் தர மதிப்பீடு செய்யும் நாக் (NAAC) குழு வரும் சமயத்தில்தான் தெரிந்தது. மாணவர் வழிகாட்டிப் பதிவேட்டை ஒரு வருடமாக யாரும் எழுதவில்லை. துறையில் எல்லோருக்கும் தெரியும். தலைவரிடம் வந்து சொல்லத்தான் ஆளில்லை.

நம் தொழிலில் இந்த வியாதி அதிகம். விடை தெரிந்த கேள்வியைத்தானே வகுப்பில் காலம் முழுக்கக் கேட்கிறோம்? அதே பழக்கம் அறைக்குள்ளும் வந்துவிடுகிறது. முடிவாகிவிட்டது என்றால், "முடிவு இது. செயல்படுத்தும்போது எங்கே இடிக்கும்?" என்று கேளுங்கள். அதற்கு வரும் பதிலால் சுற்றறிக்கையில் ஒரு வரியாவது மாற வேண்டும். மாறாது என்றால் கேட்கவே வேண்டாம்.

எதற்கெடுத்தாலும் கேள்வி

பெரியார் பல்கலைக்கழக இணையதளத்தில் மார்க் ஏற்றுவது எப்படி என்று புதியவர் கேட்கிறார். "உங்களுக்கு என்ன தோணுது?" என்று திருப்பிக் கேட்டவரை நான் பார்த்திருக்கிறேன். சொல்லிக் கொடுங்கள், ஐயா. ராகிங் புகாருக்கு யுஜிசியின் 2009 விதிமுறைகள் இருக்கின்றன. பாலியல் தொல்லைப் புகார் 2013 சட்டப்படி உள்ளகக் குழுவுக்குப் போக வேண்டும். அங்கே உங்கள் கோச்சிங்குக்கு வேலையே இல்லை.

குரோ (GROW) முறையைப் படிவம்போல் நிரப்புவது

1980-களில் பிரிட்டனில் உருவாகி, ஜான் விட்மோர் பரவலாக்கிய கோச்சிங் முறை இது. இலக்கு, இப்போதைய நிலை, வழிகள், செய்யப்போவது என்று நான்கு படி. பேச்சு இரண்டாம் படியிலேயே நின்றால் நிற்கட்டும்.

கௌரவ விரிவுரையாளரிடம் ஐந்தாண்டு இலக்கு கேட்பது

அரசுக் கல்லூரியில் அவருக்கு வருடத்துக்கு 11 மாதச் சம்பளம். மே மாதத்தை எப்படி ஓட்டுவது என்றிருப்பவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்க நமக்கு எப்படித்தான் வாய் வருகிறதோ. கால அட்டவணை, தேர்வுப் பணி என்று உங்கள் கையில் இருப்பதில் எதை மாற்றினால் அவருக்கு வசதி என்று கேளுங்கள். மாற்றியும் கொடுங்கள்.

பேசியதைக் கோப்பில் ஏற்றுவது

வேண்டாம். பதவி உயர்வுக் கோப்பில் அது ஒருமுறை தலைகாட்டினால் போதும், அதற்கப்புறம் உங்களிடம் எல்லோரும் வானிலை மட்டும்தான் பேசுவார்கள்.

மூத்தவரை அறைக்கு அழைப்பது

நீங்கள் எழுந்து அவர் இடத்துக்குப் போங்கள்.

நாலு மணிக்கு மேல்

ஆரம்பிக்காதீர்கள். அரூர் போகிறவரும் ஓசூர் போகிறவரும் பஸ்ஸைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.