30 வருஷம் பரணில் கிடந்த வால்வு ஆம்ப்: திறப்பது முதல் வாசிப்பது வரை

ஆடி மழை சற்று வெறித்த ஒரு காலையில், பாறசாலையிலிருந்து களியக்காவிளை வழியாக ஒரு ஆட்டோ வந்து எங்கள் வீட்டு முன்னால் நின்றது. உள்ளே ஒரு சேட்டன். பக்கத்தில் சாக்கு சுற்றிய கனமான பெட்டி. இப்போது ரப்பர் தோட்டம் பார்த்துக்கொண்டிருக்கும் அவர், ஒரு காலத்தில் திருவனந்தபுரத்தில் ராக் இசைக்குழு ஒன்றில் கிட்டார் வாசித்தவர். சாக்கை அவிழ்த்தால் 1970களின் 50 வாட் மார்ஷல், கண்ணாடி வால்வுகளில் ஓடும் கிட்டார் ஆம்ப்ளிஃபயர். கப்பலில் வேலை பார்த்த உறவுக்காரர் லண்டனிலிருந்து கொண்டுவந்து கொடுத்ததாம்.

"மோனே, இது இனி பாடுமா?"

"ஸ்விட்ச் போட்டுப் பாத்தீங்களா?"

"இல்ல. பேடி."

பேடி என்றால் மலையாளத்தில் பயம். அந்தப் பேடிதான் ஆம்பைக் காப்பாற்றியது. பழைய வால்வு ஆம்ப் கையில் கிடைத்ததும் எல்லோரும் செய்யும் முதல் காரியம், ப்ளக்கைச் சொருகிப் பார்ப்பது. அதுவரை சின்னப் பழுதோடு தூங்கிக்கொண்டிருந்த பெட்டி, அந்த ஐந்து நொடியில் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து நிற்கும். வால்வு போனால் வால்வு வாங்கலாம். அந்தக் காலத்து டிரான்ஸ்ஃபார்மருக்கு எங்கே போவது?

இந்த வேலையை நான் பள்ளியில் படிக்கவில்லை. குழித்துறைப் பக்கம் கோயில் கொடைகளுக்கு மைக்செட் போட்ட ஒரு பெரியவரிடம் கற்றது. வில்லுப்பாட்டு மேடைக்குக் கீழே விடிய விடிய சூடாக எரிந்துகொண்டிருந்த வால்வு ஆம்ப்ளிஃபயர்களும், லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் 1962இல் பேஸ்மேன் என்ற ஃபெண்டர் கம்பெனி ஆம்பைப் பார்த்து உருவான ஆம்பின் வழிவந்தவைகளும் உள்ளே கிட்டத்தட்ட ஒரே சங்கதிதான்.

முதலில், பயம்

இந்த ஆம்பின் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் டிசி ஓடும். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும், கரண்டைச் சேர்த்து வைக்கும் பெரிய டப்பாக்களான ஃபில்டர் கண்டன்சர்களில் அது தங்கியிருக்கும். தொட்டால் ஆளைக் கொல்லும். ஈரத் தரையில் வேலை வேண்டாம், காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும், மோதிரம், வாட்ச், கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வையுங்கள். கரண்ட் இருக்கும்போது அளப்பதானால் ஒரு கை மட்டும்தான் உள்ளே போக வேண்டும். இன்னொரு கை பாக்கெட்டில். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் செய்யாதீர்கள். மல்டிமீட்டர் பிடித்துப் பழக்கமே இல்லையென்றால், இதைப் படித்துவிட்டுத் தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

திறப்பதும் வடிப்பதும்

ப்ளக் வெளியே இருக்கட்டும். வால்வுகளை ஒவ்வொன்றாக நேராக மேலே இழுத்து எடுத்து, எது எந்த சாக்கெட்டில் இருந்தது என்று பேனாவால் அட்டையில் எழுதி வையுங்கள். மார்ஷலில் பெட்டியின் அடியில் நான்கு போல்ட். அவற்றைக் கழற்றினால் சாஸி, அதாவது எல்லாப் பாகமும் பொருத்திய உலோகச் சட்டம், வெளியே வரும். கனம் முழுக்க டிரான்ஸ்ஃபார்மர்தான் என்பதால் இரண்டு கையாலும் தாங்கி எடுங்கள். தலைகீழாகக் கவிழ்த்து, இரண்டு பக்கமும் செங்கலோ பழைய புத்தகமோ முட்டுக்கொடுங்கள்.

இப்போது கண்டன்சர்களில் தங்கிய கரண்டை வடிக்க வேண்டும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனையிலும் நன்றாக இன்சுலேஷன் போட்ட வயரும் முதலைக் கிளிப்பும் வையுங்கள். ஒரு கிளிப் சாஸியில், இன்னொன்று ஃபில்டர் கண்டன்சரின் பாசிட்டிவில். ஸ்டாண்ட்பை ஸ்விட்ச் (உயர் வோல்டேஜை மட்டும் தனியாக நிறுத்துகிற இரண்டாவது ஸ்விட்ச்) ஆன் நிலையில் இருக்கட்டும். பத்து நொடி போதும், ஆனால் நம்பிவிடக்கூடாது. மல்டிமீட்டரை டிசியில் வைத்து ஒவ்வொரு கண்டன்சரையும் அளந்து, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்ததா என்று பாருங்கள். வடிந்த கண்டன்சரில் கொஞ்ச நேரத்தில் வோல்டேஜ் தானாக ஏறிவரும். அதனால் மறுபடி கரண்ட் கொடுக்கப் போகும்வரை கிளிப்பை எடுக்க வேண்டாம். ஸ்க்ரூ டிரைவரை வைத்து 'பட்'டென்று ஷார்ட் செய்கிற மெக்கானிக்குகளைப் பார்த்திருப்பீர்கள். அது வீரம், வேலை அல்ல.

கையை வைக்கும் முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். சேட்டனின் ஆம்பில் கரப்பான் முட்டை, ஒரு பல்லியின் எலும்புக்கூடு, ஜாக்குகளில் பச்சைப் பூஞ்சணம் எல்லாம் இருந்தன. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் சேர்ந்து நனைக்கிற ஊர் எங்களுடையது. ஒரு பொருளும் தப்பாது. பெயிண்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சு நனைத்துத் துடைத்தேன். கருகிய ரெசிஸ்டர், ஊதிய கண்டன்சர், விட்டுப்போன சால்டர் எல்லாம் துடைத்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

எர்த்: இங்கேதான் நான் அதிர்ந்தேன்

மெயின்ஸ் வயரில் மூன்று கம்பி இருந்தது. ஆனால் பச்சைக் கம்பியை உள்ளே யாரோ வெட்டி, டேப் சுற்றி வைத்திருந்தார்கள். மேடையில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்திருக்கும். எர்த்தை எடுத்தால் நின்றிருக்கும். போதாதென்று ப்யூஸ் கூட்டில் ப்யூஸுக்குப் பதில் செம்புக் கம்பி. இதைச் செய்தவர் யாரென்று சேட்டனுக்கும் நினைவில்லை.

எர்த் இல்லாத ஆம்பில் எங்காவது ஒரு கசிவு வந்தால் சாஸி முழுக்கக் கரண்ட். அது கிட்டார் கம்பி வழியாக வாசிப்பவரின் விரலுக்கு வரும். அவர் உதடு மைக்கைத் தொட்டால் சுற்று முழுமையாகிவிடும். 1972 மே 3 அன்று வேல்ஸின் ஸ்வான்சீ நகரில், ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையிலேயே, சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு இறந்துபோனார். இதைச் சொன்னதும் சேட்டன் கொஞ்ச நேரம் பேசவில்லை. இந்த ஆம்பில் ஐந்தாறு வருஷம் வாசித்தவர் அவர்.

செய்ய வேண்டியது: புதிய மூன்று கம்பி வயர். பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். எர்த் கம்பியைச் சாஸியில் பெயிண்டைச் சுரண்டிய இடத்தில், பல் வாஷர் போட்டுத் தனி போல்ட்டில் இறுக்குங்கள். ப்ளக்கின் எர்த் பின்னிலிருந்து சாஸிக்கு மீட்டரில் 1 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். ப்யூஸ் எவ்வளவு என்று ஆம்பின் பின்பலகையில் எழுதியிருக்கும். அதற்கு மேல் ஒரு புள்ளிகூடப் போடாதீர்கள். வோல்டேஜ் செலக்டரையும் பாருங்கள். நமக்கு 230 வோல்ட், எனவே 240 இடத்தில் இருக்கட்டும். 110 வோல்ட்டில் வைத்துவிட்டு ஸ்விட்ச் போட்டால் கதை அங்கேயே முடியும். அமெரிக்க ஆம்ப் என்றால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

கண்டன்சர் மாற்றுவது

இரைச்சல் வந்தால் எல்லோரும் வால்வைச் சந்தேகப்படுகிறார்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் குற்றவாளி எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்தான். உள்ளே இருக்கும் ஈரப்பசை காய்ந்துவிடும். 30 வருஷம் சும்மா கிடந்ததை மெல்ல மெல்ல வோல்டேஜ் ஏற்றி மீட்கலாம் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மாற்றிவிடுவதே மேல்.

பெரிய டப்பாக்கள் 50+50 மைக்ரோஃபாரட், 500 வோல்ட். அதே அளவு வாங்குங்கள். வோல்ட் கூடலாம், குறையக்கூடாது. நம்மூர்க் கடைகளில் 500 வோல்ட் கண்டன்சர் கிடைப்பது அபூர்வம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடலாம், இல்லையென்றால் ஆன்லைன். பழைய டப்பாவை அழகுக்காகச் சாஸியிலேயே விட்டுவிட்டு, வயரை மட்டும் கழற்றிப் புதியதைக் கீழே பொருத்துவதும் உண்டு.

அப்புறம் பயாஸ் கண்டன்சர்கள். 8 அல்லது 10 மைக்ரோஃபாரட், சின்னதாக இருப்பதால் பலரும் மறந்துவிடுவார்கள். பவர் வால்வுக்குக் கடிவாளம் போடுகிற நெகட்டிவ் வோல்டேஜ் இவற்றால்தான் நிற்கிறது. இவை போனால் வால்வின் தகடு செக்கச்செவேலென்று பழுத்து, கூடவே டிரான்ஸ்ஃபார்மரையும் கூட்டிக்கொண்டு போகும். இங்கே கண்டன்சரின் பாசிட்டிவ் முனைதான் சாஸிக்குப் போகும். மற்ற எல்லா இடத்துக்கும் நேர் எதிர். என் முதல் ஆம்பில் இதை மாற்றிப் போட்டு, 'டப்'பென்று வெடித்து, அறை முழுக்க மீன் அழுகிய வாடை. இரண்டு நாள் போகவில்லை.

ரெசிஸ்டர்களை மொத்தமாக மாற்ற வேண்டாம். அளந்து பார்த்து, எழுதியிருப்பதைவிட 20 சதவீதத்துக்கு மேல் விலகியதை மட்டும் மாற்றுங்கள்.

குண்டு பல்பு வழியாக முதல் கரண்ட்

எலக்ட்ரீஷியன்கள் சீரிஸ் போர்டு என்பார்கள். ஃபேஸ் கம்பி ஒரு குண்டு பல்பு வழியாகப் போய்த்தான் ஆம்புக்கு வரும். எல்இடி பல்பு இதற்கு ஆகாது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், ஆம்ப் பிழைக்கும்.

முதல் தடவை வால்வு எதுவும் போடாமல், 60 வாட் பல்பு. ஸ்விட்ச் போட்டதும் பளிச்சென்று ஒரு மின்னல், பிறகு மங்கிவிட வேண்டும். மங்காமல் எரிந்தால் உடனே அணைத்து டிரான்ஸ்ஃபார்மர், டயோடு, கண்டன்சர் என்று வரிசையாகத் தேடுங்கள். மங்கினால், பவர் வால்வு சாக்கெட்டுகளில் 5ஆம் பின்னை அளங்கள். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு நெகட்டிவ் வோல்டேஜ் வேண்டும். பல்பை எடுத்துவிட்டு முழு மெயின்ஸில் பார்த்தால் 35 முதல் 45 வரை காட்டும். ஒன்றில் மட்டும் குறைந்தால், அந்தப் பக்கத்துக் கப்ளிங் கண்டன்சர் (முந்தைய வால்விலிருந்து ஒலியை மட்டும் கடத்துகிற கண்டன்சர்) கசிகிறது என்று அர்த்தம். நெகட்டிவ் வோல்டேஜே இல்லையென்றால் வால்வைத் தொடவே வேண்டாம்.

வால்வுகள்

இந்த ஆம்பில் சின்ன வால்வு இசிசி83 மூன்று, பவர் வால்வு இஎல்34 இரண்டு. கண்ணாடியின் உள்ளே வெள்ளிப் பூச்சு இருக்கும். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது, குப்பைக்குத்தான். சேட்டனுடையதில் ஒரு இஎல்34 அப்படி. மைக்செட் பெரியவர் காலத்தில் பெங்களூர் பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) நிறுவனமே வால்வு செய்தது. இப்போது புதிதாக வேண்டுமென்றால் இறக்குமதிதான். இஎல்34 ஜோடி பொருத்திய இரண்டாக வாங்குங்கள்.

வால்வு போட்டு ஸ்விட்ச் போடும் முன் ஸ்பீக்கர் மாட்டியிருக்க வேண்டும். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்பை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் பொறி பறக்கும். பின்னால் 4, 8, 16 ஓம் செலக்டர் ஸ்பீக்கரோடு பொருந்தட்டும். இந்தத் தடவை சீரிஸ் போர்டில் 100 அல்லது 200 வாட் பல்பு. வால்வுகளைச் சூடாக்கும் ஹீட்டரே 25 வாட் தின்னும். பயாஸ் டிரிம்பாட்டை (அந்த நெகட்டிவ் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் சின்னத் திருகை) நெகட்டிவ் அதிகமாக வரும் பக்கம் முழுக்கத் திருப்பி வையுங்கள். எல்லாம் அமைதியாக இருந்தால் பல்பை எடுத்துவிட்டு நேரடி மெயின்ஸ்.

பயாஸ் சரிசெய்ய, ஒவ்வொரு இஎல்34இன் 8ஆம் பின்னுக்கும் சாஸிக்கும் நடுவே 1 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை முன்பே சால்டர் செய்து வைத்துக்கொண்டால் வேலை எளிது. அதன் குறுக்கே 1 மில்லி வோல்ட் காட்டினால் 1 மில்லி ஆம்பியர். இஎல்34இன் தகடு தாங்குவது 25 வாட். அதில் 70 சதவீதம், அதாவது 17.5 வாட்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது. தகட்டில் 430 வோல்ட் என்றால் 17.5ஐ 430ஆல் வகுக்க, சுமார் 40 மில்லி ஆம்பியர். நான் 36இல் நிறுத்தினேன். கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தாலும் வால்வு நீண்ட நாள் வரும். அறை விளக்கை அணைத்துப் பாருங்கள்: ஹீட்டர் மட்டும் ஆரஞ்சாகத் தெரிய வேண்டும், தகடு சிவக்கக்கூடாது.

கரகரப்பும் இரைச்சலும்

பாட்களில், அதாவது வால்யூம், டோன் திருகுகளில், காண்டாக்ட் கிளீனர் அடித்து இருபது தடவை திருப்புங்கள். ஜாக்குகளையும் சாக்கெட்டுகளையும் அதேபோல. சின்ன வால்வுகளைப் பென்சிலால் தட்டிப் பாருங்கள்; மணி அடிக்கிற மாதிரி ஸ்பீக்கரில் கேட்டால் அந்த இசிசி83 மைக் ஆகிவிட்டது. இரைச்சல் அடித்தொண்டையில் 50 ஹெர்ட்ஸாக இருந்தால் ஹீட்டர் வயரையோ எர்த்தையோ பாருங்கள். அதைவிட ஒரு ஸ்தாயி மேலே, 100 ஹெர்ட்ஸில் கரகரவென்று இருந்தால் ஃபில்டர் கண்டன்சர்.

இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, பயாஸை இன்னொரு தடவை அளந்து, மூடினேன். சேட்டன் வந்து ஒரு கிட்டாரை மாட்டினார். முதல் கார்டு அடித்ததும் பக்கத்து வீட்டு நாய் எழுந்து போய்விட்டது. "விரல் போச்சு மோனே, இது போகல்ல" என்றார்.

அன்றைக்கே எடுத்துக்கொண்டு போகிறேன் என்று நின்றவரிடம், வீட்டு ப்ளக் பாயிண்டை மீட்டரில் அளந்தீர்களா என்று கேட்டேன். கூடவே போய்ப் பார்த்தேன். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 228. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நிலையில்லாமல் அலைகிற ஏதோ ஒரு எண். மூன்றாவது துளை இருக்கிறது, அதற்குப் பின்னால் கம்பியே இல்லை. எர்த் குழி தோண்ட ஆள் சொல்லியிருக்கிறார். மழை விட்டதும் வருவார்களாம். அதுவரை ஆம்ப் என் வீட்டுக் கூடத்தில்தான் இருக்கிறது, சேட்டன் சாயங்காலம் பஸ் பிடித்து வந்து வாசித்துவிட்டுப் போகிறார்.